அம்மாவுக்கு இரண்டு நாள் லீவு

கண்டி நகரத்தில் கடவுள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு ஆங்கிலத்தில் வேலையைத் தொடங்குவார். எட்டரைக்குச் சிங்களம். பத்தரைக்குத் தமிழ். எங்கள் தேவாலயத்து அறிவிப்புப் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. நெடுங்காலம் அதை வெறும் நேர அட்டவணையாகவே பார்த்து வந்த நான், பதினோரு வயதில் அதற்குள் ஓர் அநீதி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். வேதசாஸ்திரத்துக்கு நான் செய்த ஒரே பங்களிப்பு அதுதான். சபை இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

கட்டிடம் ஒன்று, போதகரும் ஒருவர். மூன்று மொழியும் அவருக்கு வரும். ஏழு மணிக்கு அவர் குரல் கணீரென்று இருக்கும் என்று சொல்வார்கள், நாங்கள் கேட்டதில்லை. எங்களிடம் வந்து சேரும்போது பாதித் தொண்டைதான் மிச்சமிருக்கும். பீடத்து மெழுகுவர்த்திகள் கட்டைவிரல் உயரத்துக்குக் குறைந்திருக்கும். பூக்கள் தலை சாய்ந்திருக்கும். பிரசங்கத்தின் நடுவில் மதியச் சோற்றின் நினைவு சபை முழுக்க மெல்லப் பரவும், பிரசங்க மேடை உட்பட.

அப்போது அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். நாங்கள் பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரமாக இருந்த ஹார்ட்வெயார் கடை ஒன்றின் பின்புறத்து அறைகளில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அந்தக் கடையில்தான் வேலை. ஆணி நிறுப்பார், கம்பி வெட்டுவார், சீமெந்து மூட்டை இறக்குவார். என்னைப் பார்த்துக்கொள்வதற்காக அப்பாவின் அக்கா கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் தன் லயத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அத்தை நன்றாகச் சமைப்பார். அதைவிட நன்றாகக் குத்திப் பேசுவார்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கடைத் தொலைபேசிக்கு எடுப்பார். ஜும்ஆத் தொழுகைக்குக் கடையைச் சாத்தும் முதலாளி, அந்த வெள்ளியில் மட்டும் ஒற்றைக் கதவைத் திறந்து வைத்து, அப்பாவைத் தன் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். அப்பாவுக்கு அந்தக் கதிரையில் உட்காரக் கூச்சம். நின்றுகொண்டேதான் பேசுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். கொழும்பில் அம்மாவை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். முதலாளி என்னைக் காணும்போதெல்லாம் குற்றவாளி போலப் பேசுவார். “ஃபோன் நல்லாத்தான் மகன் ஈக்கி. நான் தூக்கித் தூக்கிப் பாக்கிறேன். சத்தம் வருது.”

தேவாலயத்தில் நிலைமை இதைவிட மோசம். ஆசீர்வாதம் கூறி முடித்ததும் அப்பாவைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் கூடும். சேதி உண்டா என்பார்கள். இல்லை என்றதும் நாக்கால் ஒரு சத்தம். பிறகு ஆலோசனை. வீட்டில் குடும்ப ஜெபம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஒருவர் கேட்டார். நம் பக்கம் ஏதும் குறை இருந்தால்தான் கடவுள் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று இன்னொருவர், மிகுந்த அன்போடு, அப்பாவின் தோளில் கை வைத்தபடியே சொன்னார்.

அதன் பிறகு அப்பா தேவாலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஞாயிறு விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, “சீமெந்து லொறி வருதுக்கா” என்று சொல்லிப் போய்விடுவார்.

“ஒங்கப்பன் ஞாயித்துக்கெழம எறக்கின சீமெந்துக்கு, கண்டிக் கொளத்துக்கு மேல பாலமே கட்டியிருக்கலாம்” என்பார் அத்தை. இதைச் சொல்லிவிட்டு அடுப்பை வேண்டுமென்றே நீண்ட நேரம் ஊதிக்கொண்டிருப்பார்.

எனக்கு உலகத்தில் யாருமில்லாதது போலிருந்தது. அம்மாவின் சத்தமில்லை. அப்பா இருந்தும் இல்லை. மாலையில் முழங்காலில் நின்று கேட்டதற்கெல்லாம் மேலிருந்தும் ஒரு பதிலும் இல்லை. கடவுள் எங்களை விட்டுவிட்டார் என்று சபையே சாடைமாடையாகச் சொல்லும்போது, ஒரு பையன் வேறென்ன நினைப்பான்?

இந்த இருட்டில்தான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது, அதுவும் ஓர் அரசாங்கக் கந்தோரில்.

வெளிநாட்டுக்குப் போனவர்களைப் பற்றி விசாரிக்க அங்கேதான் போக வேண்டும் என்று யாரோ சொல்ல, அப்பா ஒருநாள் புறப்பட்டார். அடம்பிடித்து நானும் போனேன். விடியற்காலையிலேயே வந்தவர்கள் நம்பர் வாங்கிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது உத்தியோகத்தர் பிளேன்டீ கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. களைத்த மனிதர். தலையை நிமிர்த்தாமலே, “ஹெட்ட எண்ட” என்றார். நாளைக்கு வரச் சொல்கிறார் என்று புரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்தரை.

எல்லாம் துலங்கிவிட்டது. கடவுள் எங்களைக் கைவிடவில்லை. எங்கள் நம்பர் வரும்போது அவர் களைத்துப் போயிருக்கிறார், அவ்வளவுதான். ஆங்கிலக்காரர்களின் குறைகளைக் கேட்டு, சிங்களக்காரர்களின் குறைகளைக் கேட்டு, பத்தரைக்கு எங்கள் பக்கம் திரும்பும்போது யாருக்குத்தான் தெம்பு இருக்கும்? எங்களிடம் குறையுமில்லை, அவருக்குக் கோபமுமில்லை. வரிசையில் கொஞ்சம் முன்னுக்குப் போனால் போதும்.

சபையில் பெரியவர்கள் சொன்ன விளக்கங்களோடு ஒப்பிட்டால் என்னுடையது அவ்வளவு மட்டமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அப்பா லொறிக்குப் போனதும் நான் அத்தையிடம் போய் நின்றேன். “அத்தை, நான் ஏழு மணி ஆராதனைக்குப் போறேன்.”

“அது இங்கிலீசுடா.”

“தெரியும். அந்நேரத்துக்குக் கேட்டாத்தான் சுருக்கா கேக்கும்.”

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஈரக் கையாலேயே என் தலையைப் படிய வாரி, பஸ்ஸுக்குச் சில்லறை தந்தார்.

ஆங்கில ஆராதனை வேறொரு நாடு போலிருந்தது. மெழுகுவர்த்திகள் முழு உயரத்தில் நின்றன. பூக்கள் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவை போலிருந்தன. போதகரின் குரல் உண்மையிலேயே கணீரென்றுதான் இருந்தது. தொப்பி வைத்த, எலும்பும் நகையுமான பறங்கிச் சீமாட்டி ஒருவர் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துத் தந்து, ஒரு பெப்பர்மிண்டும் கொடுத்தார். முன்வரிசைக்கு வந்தவனுக்கு எப்படிப்பட்ட உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மௌன ஜெபத்துக்கு நேரம் வந்தது. முழங்காலிட்டேன். அப்போதுதான் ஒரு சிக்கல் புரிந்தது. இந்த நேரத்தில் கடவுள் ஆங்கிலத்தில் இருக்கிறார். எனக்கு முழுதாகத் தெரிந்த ஆங்கிலம் ஒன்றே ஒன்றுதான். ஆறாம் ஆண்டில் எங்களுக்கு மனப்பாடம் செய்துவைத்த லீவுக் கடிதம். காய்ச்சலால் அவதிப்படுவதால் எனக்கு இரண்டு நாள் விடுமுறை தயவுசெய்து தரவும் என்று தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்ளும் கடிதம்.

வேறு வழியில்லை. அதையே எடுத்து, இடத்துக்கேற்றபடி மாற்றினேன். “ரெஸ்பெக்டட் சேர், அஸ் மை மதர் இஸ் சஃபரிங் ஃப்ரம் குவைத், கைண்ட்லி கிராண்ட் ஹேர் டூ டேஸ் லீவ். தேங்கிங் யூ.” கீழே, யார் கேட்கிறார் என்பதில் குழப்பம் வரக் கூடாதே என்று, என் பெயரையும் வகுப்பையும் சேர்த்துச் சொன்னேன். மனதுக்குள்தான் சொல்வதாக நினைத்தேன். ஆனால் கடைசி வரி முடிந்ததும் பக்கத்திலிருந்து, மிகவும் மரியாதையாக, “ஆமென்” என்று கேட்டது. பறங்கிச் சீமாட்டி கண்ணை மூடியபடியே இருந்தார். விண்ணப்பத்துக்குச் சாட்சிக் கையொப்பமும் கிடைத்துவிட்டது.

வெற்றிவீரனாக வீடு திரும்பினேன். மதியச் சோற்றின்போது அத்தையிடம் ஜெபத்தைச் சொல்லிக் காட்டி, பெருமையோடு மொழிபெயர்த்தேன்.

அத்தை பருப்புக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார். “ரெண்டு நாளா? ரெண்டே நாளாடா கேட்ட?”

“கடிதத்துல அப்படித்தான் அத்தை இருக்கு.”

“பிளேன்ல இருந்து எறங்கி, ஒரு வெத்தல போட்டுட்டுத் திரும்பிப் போறதுக்கா ஒங்கம்மா வரணும்?”

பிசைந்த சோற்றை மறுபடி தட்டிலேயே வைத்தேன். ஏழு மணி விண்ணப்பம். களைப்பில்லாத நேரம். சாட்சிக் கையொப்பம் வேறு. நிச்சயம் அனுமதி கிடைத்துவிடும், கேட்டபடியே. அம்மா வருவார். இரண்டாம் நாள் சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி போய்விடுவார். என் கையாலேயே அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு, முன்பு ஒரு பதிலும் இல்லாமல் இருந்தபோது பட்டதைவிடப் பெரிது.

சனிக்கிழமை அத்தையே பேச்செடுத்தார். “போய்த் திருத்திட்டு வா. இங்கிலீசு வேணாம், ஒனக்கு எண்ணும் வராது எழுத்தும் வராது. எட்டரைக்குச் சிங்களத்துக்குப் போ. சிங்களம்தான் தெருவெல்லாம் பேசுறியே.” பிறகு, எனக்குப் புரியாத ஒரு நிதானத்தோடு சொன்னார். “பின்வரிசையில போய் உக்காரு. முன்னுக்குப் போகாத.”

சிங்கள ஆராதனைக்கு நான் போனபோது முதல் பாட்டு தொடங்கியிருந்தது. அத்தை சொன்னபடி கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே தூணுக்குப் பின்னால் ஒரே ஒருவர் முழங்காலில் இருந்தார். எல்லோரும் நின்று பாடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் முன் வாங்கின் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தார். தோள்கள் அசைந்தன. நகத்துக்குள் சீமெந்து. அந்தச் சட்டை எனக்குத் தெரியும். அதன் பொத்தானைப் போன மாதம் அத்தை தைத்தபோது ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தவன் நான்தான்.

அப்பா அழுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அழும் அப்பாவை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. பக்கத்தில் போய் முழங்காலிட்டு, அவர் கையின் மேல் என் கையை வைத்தேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். “நீ எங்கடா இங்க?”

“தமிழுக்கு நேரமாகும்பா. பத்தரைக்குக் கேட்டா ஹெட்ட எண்டன்னுதான் சொல்லுவாரு. அதான் வெள்ளனவே வந்தேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் விஷயத்தை முழுவதுமாக விளக்கினேன். மெழுகுவர்த்தி உயரம், போதகரின் தொண்டை, லீவுக் கடிதம், சாட்சிக் கையொப்பம், இரண்டு நாள் பிழை. அவருடைய முகம் கோணியது. இன்னும் பலமாக அழப்போகிறார் என்று பயந்தேன். அவர் சிரித்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தூணோடு சாய்ந்து, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். பல மாதங்களாக அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்களும் அதுக்குத்தானேப்பா வந்தீங்க?” என்று கேட்டேன்.

“ஓம்னு வெச்சுக்கயேன்” என்றார்.

நாங்கள் இருவருமாகச் சேர்ந்து, இரண்டு நாளை எல்லா நாளுமாகத் திருத்தித் தரும்படி சிங்களத்தில் கேட்டோம். ஆராதனை முடிந்ததும் அப்பா வெளியே போக எழுந்தார். வழக்கமாக இந்த நேரத்தில்தான், தமிழ்ச் சபை வந்து சேர்வதற்குள், பக்கவாசலால் நழுவிவிடுவார் போலும். நான் சட்டையைப் பிடித்தேன்.

“தமிழுக்கும் இருப்போம்பா. கந்தோர்ல மூணு மேசையிலயும் குடுத்தாத்தானே வேலை நடக்கும்.”

பக்கவாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

தமிழ்ச் சபை ஒவ்வொருவராக வந்தது. அப்பாவைக் கண்டதும் தலைகள் ஒன்றையொன்று நெருங்கின. அத்தை வந்து எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “என்ன தம்பி, இன்னைக்கு லொறி வரலயா?” என்றார். முகத்தில் ஆச்சரியத்தின் அடையாளமே இல்லை. எட்டரைக்கு என்னை அங்கே அனுப்பியவருக்கு ஏன் ஆச்சரியமில்லை என்று யோசிக்கும் அளவுக்கு நான் வளர்ந்திருக்கவில்லை.

ஜெபக் குறிப்புகள் உண்டா என்று போதகர் பாதித் தொண்டையோடு கேட்டார். ஒரு பரீட்சை, ஒரு முழங்கால் வலி, ஒரு வீட்டுக் கூரை. பிறகு என் பக்கத்தில் வாங்கு கிரீச்சிட்டது. அப்பா எழுந்து நின்றார்.

“என் சம்சாரத்துக்கிட்டருந்து சேதி ஒன்னும் இல்ல” என்றார். “கடவுள் எங்களக் கைவிட்டுட்டாருன்னு நெனச்சேன். இப்பயும் பாதி அப்படித்தான் நெனக்கிறேன். மத்தப் பாதி என்னை இங்க கூட்டிட்டு வந்துருச்சு. எங்க பக்கம் குறை இருக்கான்னு கேட்டீங்க. இருக்கும். எல்லாருக்கும் இருக்கும். அவ திரும்பி வரணும். அதுக்கு மட்டும் ஜெபம் பண்ணுங்க.”

நாக்கால் யாரும் சத்தமெழுப்பவில்லை. முன்பு அப்பாவின் தோளில் கை வைத்தவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் பிரசங்க மேடையை விட்டு இறங்கி, எங்கள் வரிசைக்கே வந்து முழங்காலிட்டார். சபை முழுதும் முழங்காலிட்டது. பிறகு யாரோ ஒரு பெண் பாட்டு எண் பலகையில் இல்லாத பாட்டொன்றைத் தொடங்க, தபேலாக்காரர் தாளத்தைத் தேடிப் பிடித்தார். நான் அதுவரை அறிந்த பத்தரை மணிச் சோர்வு எங்கே போனதென்று தெரியவில்லை. தோட்டங்களிலிருந்து வந்திருந்த பெண்கள், மலையின் அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரலில் பாடினார்கள். அத்தை கைதட்டினார். அப்பா பாடினார். வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்த சிங்கள ஆராதனைக்காரர்கள், கோப்பையும் கையுமாகத் திரும்பி வந்து வாசலில் நின்று, வார்த்தை தெரியாமல் மெட்டை மட்டும் பிடித்தார்கள். அன்றைக்கு அந்தக் கல் கட்டிடத்திலேயே சோர்ந்திருந்தது பீடத்துப் பூக்கள் மட்டும்தான்.

அதற்குப் பின் சில வாரங்கள். வெள்ளிக்கிழமை கூட இல்லை, ஏதோ ஒரு செவ்வாய். தொழுகைக்கல்லாமல் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்தே அறியாத முதலாளி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். “மகன், வாப்பாவக் கூப்பிடுங்க. உம்மா லைன்ல.” அன்று அப்பா கூச்சத்தை மறந்து முதலாளியின் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அவர் பேசியது இவ்வளவுதான். “ஆ... ஆ... சரி... சாப்புட்டியா?” பக்கத்தில் முதலாளி இரண்டு கைகளையும் ஏந்தி, கண்ணை மூடி நின்றார்.

அம்மா வந்திறங்கிய அன்று எங்கள் வாசலில் சபை பாதி, கடைத்தெரு பாதி. வேனிலிருந்து அவர் பாதி எடையில் இறங்கினார். எல்லோரும் அழுதார்கள். நான் காரியக்காரன். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “எத்தன நாள் லீவும்மா?”

“லீவா? அந்த வீட்டுக்காரங்க வேற ஊருக்குக் குடிபோயி, ஃபோனயும் பூட்டி வெச்சிருந்தாங்கடா. என்னமோ ஒருநாள் காலையில அந்தம்மாவே வந்து, போதும், நீ ஒம் பிள்ளையப் போய்ப் பாருன்னு டிக்கட்டக் குடுத்துட்டாங்க. இனி நான் எங்கயும் போகல” என்று சொல்லி என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவருடைய தோளுக்கு மேலாக நான் அப்பாவைப் பார்த்தேன். மூல விண்ணப்பமும் திருத்தமும் சேர்ந்தே போயிருக்கின்றன என்ற நிம்மதி எனக்கு.

அங்கே தேவாலயம் இருந்ததா என்று பிறகு கேட்டேன். தேவாலயமும் இல்லை, ஞாயிறு எதுவென்றும் தெரியாது, பாத்திரம் கழுவும்போது கடவுளோடு பேசிக்கொண்டிருப்பேன் என்றார் அம்மா. எந்த ஆராதனை நேரத்திலும் ஒழுங்காகச் சேராத அந்த ஜெபங்களையெல்லாம் நினைத்து நான் உள்ளுக்குள் மிகவும் பரிதாபப்பட்டேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் குடும்பமாகவே பத்தரைக்குப் போனோம். ஆனால் அப்பா மட்டும் எங்களுக்கு முன்பே கிளம்பிப் போய்விடுவார். லொறி என்று பொய் சொல்வதில்லை. எட்டரை ஆராதனையில் அதே தூணுக்குப் பின்னால் இருப்பார். பிறகு வாசலுக்கு வந்து எங்களுக்காகக் காத்து நிற்பார். இது மாதக்கணக்கில் நடந்தது. எனக்கு விளங்கவேயில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“அம்மாதான் வந்துட்டாங்களேப்பா. இன்னும் என்னத்தக் கேக்குறீங்க?”

“ஒன்னும் கேக்கிறதில்லடா.”

“அப்பொ அங்க என்ன செய்றீங்க?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “சும்மா உக்காந்திருக்கேன். அவரும் இருக்காரு” என்றார்.

கேட்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு மனிதர் விடியலில் எழுந்து, பஸ் பிடித்துப் போய், கடவுளின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார் என்பதை என்னால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. பாவம், வயசாகிவிட்டது என்று முடிவுசெய்துகொண்டேன். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது.